மூன்று வகைக் கார், மூன்று சொற்கள்

காரின் என்ஜின் எந்தச் சக்கரங்களைச் சுழற்ற வேண்டும்? முன்சக்கர இழுவையா, பின்சக்கர இழுவையா, நான்கு சக்கரமுமா? எது நல்லது?

நீங்கள் இந்தக் கார்ப் பயிற்றுநர் வேலையில் சேர்ந்தது தெரிந்த நாளிலிருந்தே உங்களிடம் இதைக் கேட்கத் தொடங்கியிருப்பார்கள். கல்யாண வீட்டில் கேட்பார்கள். பல் மருத்துவர் உங்கள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பார். சிட்னிக்கு மேற்கே உள்ள இந்தக் கார் ஓடுதளத்தில், அடுத்தவர்கள் ஓட்டும் வேகமான கார்களின் இடப்பக்க இருக்கையில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான்.

டயரின் பிடிமானம், எடை மாறுவது, இவற்றையெல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாகவே படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதை நான் தொடப்போவதில்லை. அந்தக் கேள்விக்கு ஒருமுறை அவசரமாகப் பதில் சொன்னேன், அதன் பிறகு ஒரு மனிதரின் மணிக்கட்டு உடைந்தது. அந்தக் கதையைச் சொல்கிறேன்.

சிட்னியின் புறநகரான பரமட்டாவில் ஒரு மண்டபத்தில் நண்பரின் பேரனுக்குப் பிறந்தநாள். சாப்பாட்டுத் தட்டோடு வரிசையில் நின்றிருந்தேன். ஒரு பெண் வந்து தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். பெயர் சுகந்தி. யாழ்ப்பாணத்துக்காரர், நாற்பதை நெருங்கும் வயது. பக்கத்து மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை, வீடு மெரிலேண்ட்ஸில். அவரிடம் ஒரு பழைய சின்னக் கார் இருந்தது. முன்சக்கர இழுவை, உருவத்துக்குப் பொருந்தாத வேகம். முந்தின வாரம் மழையில் ஒரு ரவுண்டபவுட் வட்டச் சந்திப்பில் அதன் பின்பக்கம் வழுக்கி, கார் ஒரு முழுச் சுற்று சுற்றி நின்றிருந்தது. யாருக்கும் அடியில்லை, ஆனால் பயம் பிடித்துக்கொண்டது.

“வேகமா ஓட எனக்கு விருப்பம். அதை நான் மறைக்கேல்லை,” என்றார். “மழைக்கைதான் பயமாக் கிடக்கு. நாலு சில்லும் இழுக்கிற கார் வேண்டினா இப்பிடி வழுக்காதுதானே?”

வரிசை நகர்ந்துவிட்டது. எனக்குப் பின்னால் நின்றவர் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாங்குங்க. நல்லாப் புடிச்சுக்கும்,” என்று சொல்லிவிட்டுக் கரண்டியை எடுத்தேன்.

நான் சொன்னது பொய்யல்ல, பாதி உண்மை. நம் தொழிலில் முழுப் பொய் சொல்கிறவர்களை எளிதில் அடையாளம் கண்டுவிடலாம். பாதி உண்மை சொல்கிறவரைத்தான் ஜனங்கள் நம்பிக் கார் வாங்குகிறார்கள்.

சுகந்தியும் வாங்கினார். மூன்று மாதம் கழித்து, மழை நாளொன்றில், கணவர் நவத்தோடு மலைப்பக்கம் போய்விட்டுத் திரும்பியிருக்கிறார். கார் ஈரமே தெரியாத மாதிரி ஓடியிருக்கிறது. இறக்கத்தில் ஒரு இடது வளைவு. ஸ்டீயரிங்கைத் திருப்பினார். கார் திரும்பவில்லை. பிரேக்கை அழுத்தினார். கார் நேராகவே போய்ப் பாதுகாப்புக் கம்பியில் மோதி நின்றது. நவம் செயற்கைப் பல் செய்யும் தொழில்நுட்பர். அரை மில்லிமீட்டர் பிசகாமல் கைவேலை செய்கிறவர். அவருடைய வலது மணிக்கட்டு உடைந்தது. நான்கு மாதம் வேலைக்குப் போக முடியவில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியாது. ஒருநாள் காலை பயிற்சிக்கு வந்தவர்களின் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. பழுது பார்த்த காரோடு வந்து நின்றார். நடந்ததைச் சொன்னார். குரலில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை. மருத்துவமனையில் நோயாளியின் விவரத்தை அடுத்த ஷிஃப்டுக்குச் சொல்வது போலச் சொன்னார்.

“நான்தானே அந்தக் காரை வாங்கச் சொன்னேன்,” என்றேன்.

“ஓம், நீங்கள்தான் சொன்னனீங்கள்,” என்றார். “அதாலைதான் உங்களிட்டை வந்தனான்.”

நவமும் வந்திருந்தார். தேநீர்க் கொட்டகையின் ஓரத்தில் நின்றுகொண்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். மனைவியை அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லையாம். ஆனால் மழை தூறத் தொடங்கினாலே, “நான் ட்ரெயினிலை வாறன், நீர் போம்,” என்பாராம். “அவர் என்னை ஏசியிருந்தா எனக்குச் சுகமா இருந்திருக்கும்,” என்றார் சுகந்தி.

அன்று எனக்கு இரண்டு வேலைகள் சேர்ந்துவிட்டன. ஒன்று, அவருக்குச் சொல்லித்தருவது. இன்னொன்று, என் மனதிலிருந்த பாரத்தை இறக்கிவைப்பது. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

காலைப் பகுதி நன்றாகவே போனது. நமது ஈரத் தளம் உங்களுக்குத் தெரியும்: தண்ணீர் தெளித்து வழவழப்பாக்கிய பெரிய வெற்றிடம், மோத எதுவும் இல்லை. மூன்று கார்களை நிறுத்தினேன். நம் பயிற்சிப் பள்ளியின் சின்ன முன்சக்கரக் கார், பின்சக்கரம் உந்தும் இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார், சுகந்தியின் நான்கு சக்கரக் கார். முதலில் நின்ற இடத்திலிருந்து வேகமாகக் கிளப்பச் சொன்னேன். முன்சக்கரக் கார் மூக்கை ஆட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழற்றியது. பின்சக்கரக் கார் வாலை ஆட்டியது. சுகந்தியின் கார் மட்டும் காய்ந்த சாலையில் போவது மாதிரி பாய்ந்தது. அவர் முகத்தில் ஒரு சின்னப் பெருமை வந்ததைக் கவனித்தேன்.

அடுத்து, மூன்றையும் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் கொண்டுவந்து ஒரே கோட்டில் பிரேக் போடச் சொன்னேன். முதல் இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றன. அவருடைய கார் எடை கூடியது. ஒரு கார் நீளம் தள்ளிப் போய் நின்றது.

இறங்கி, நனைந்த தளத்தில் காலடி வைத்து அளந்து பார்த்தார். நான் விளக்க வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்.

“வெளிக்கிடேக்கை மட்டும்தான் வித்தியாசம். நிக்கேக்கை எல்லாக் காரும் நாலு சில்லிலைதான் நிக்குது, என்ன?”

மண்டபத்தில் நான் சொல்லாமல் விட்ட மறுபாதி இதுதான். நான்கு சக்கர இழுவை கிளம்பும்போது உதவும், வளைவிலிருந்து வெளியேறும்போது உதவும். நிற்பதற்கு உதவாது. தரை ஈரமாக இருப்பதைக் காலுக்குச் சொல்வதுமில்லை. மற்ற கார்கள் கிளம்பும்போதே வழுக்கி, “இன்று கவனம்” என்று எச்சரித்துவிடும். நான்கு சக்கரக் கார் அந்த எச்சரிக்கையை விழுங்கிவிடுகிறது.

அத்தோடு நிறுத்தித் தேநீர் குடிக்கப் போயிருக்க வேண்டும். எனக்கு அவசரம். அவருடைய முதல் பயம் முன்சக்கரக் காரின் பின்பக்கம் வழுக்கியதில் பிறந்தது. அதையும் இன்றைக்கே தீர்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. ஈரத் தளத்தில் ஒரு மணி நேரம் செய்ய வேண்டிய பயிற்சியைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, சின்னக் காரில் அவரை ஓடுதளத்துக்கே கூட்டிப்போனேன். அங்கே வேறு கார்கள் ஓடிக்கொண்டிருந்தன. விடிகாலைத் தூறலில் தரை இன்னும் முழுதாகக் காயவில்லை. தளத்தில் பயிற்சிக்காக அணைத்து வைத்திருந்த, கார் வழுக்குவதைத் தானாகக் கட்டுப்படுத்தும் சறுக்கல் தடுப்பை மறுபடி போடவும் மறந்துபோனேன்.

மேட்டைத் தாண்டினால் வலப்பக்கம் திரும்பி இறங்கும் வளைவு ஒன்று இருக்கிறதல்லவா, அங்கேதான். சற்றே வேகமாக நுழைந்தார். பயந்துபோய், வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்துவிட்டார். எடை முன்னால் போயிற்று, பின்பக்கம் லேசாகி வெளியே விலகத் தொடங்கியது. முன்சக்கரக் காரில் அந்த நொடிக்கு மருந்து ஒன்றுதான்: போக வேண்டிய திசையைப் பார்த்து, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொடுக்க வேண்டும். முன் சக்கரங்கள் இழுத்தால் வால் நேராகும். உடம்பு அதற்கு நேரெதிராகச் செய்யச் சொல்லும். அதனால்தான் பக்கத்தில் நாம் இருக்கிறோம்.

நான், “மிதி!” என்று கத்தினேன்.

அவர் மிதித்தார். பிரேக்கை.

கார் சுழன்றது. வேலி, வானம், புல்வெளியிலிருந்து எழும்பிய பறவைகள், மறுபடி வேலி. பாதையின் நடுவே என்ஜின் அணைந்து நின்றோம், வந்த திசையைப் பார்த்தபடி. எங்களுக்கும் மேட்டுக்கும் நடுவே நூறு மீட்டர்கூட இல்லை. மேட்டுக்கு அப்பால் இன்னொரு கார் வந்துகொண்டிருப்பது எனக்குத் தெரியும். ஒரு நிமிடம் முன்னால்தான் அதைக் கண்ணாடியில் பார்த்திருந்தேன்.

சுகந்தியின் கை பெல்ட்டைக் கழற்றப் போனது. இறங்கி ஓட வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் இறங்கினால் தகடும் பெல்ட்டும் இல்லாத வெறும் உடம்பாக ஓடுதளத்தில் நிற்போம்.

“இருங்க. பெல்ட்டைத் தொடாதீங்க. கால் பிரேக்லயே இருக்கட்டும்,” என்றேன். எங்கிருந்து வந்ததோ, குரல் நிதானமாகத்தான் வந்தது. என் கையை அவர் கைமேல் வைத்திருந்தேன் என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

மேட்டின் மேல் நின்ற கொடிக்காரர், பின்னால் வருபவர்களை எச்சரிக்கும் மஞ்சள் கொடியை வீசுவது தெரிந்தது. மேட்டின் உச்சியில் ஒரு சிவப்புக் காரின் கூரை எழுந்தது. பிறகு அதன் விளக்குகள். அது ஏற்கெனவே வேகத்தைக் குறைத்திருந்தது. எங்களைச் சுற்றி, புல்லில் இரண்டு சக்கரம் ஏறி, நடக்கும் வேகத்தில் கடந்து போனது. அந்த ஓட்டுநர் எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன்.

கொட்டகைக்குத் திரும்பினோம். நவம் எழுந்து நின்றிருந்தார். மஞ்சள் கொடியைப் பார்த்திருக்கிறார். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, “இண்டைக்குக் காணும். வீட்டை போவம்,” என்றார்.

சுகந்தி காகிதக் கோப்பையில் தேநீரை ஊற்றி, குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது எங்களுக்குத் தலைமைப் பயிற்றுநராக ஒரு பெண் இருந்தார். என்னைவிடப் பதினோரு வயது இளையவர். அதிகம் பேசமாட்டார். என்னைக் கொட்டகைக்குப் பின்னால் கூப்பிட்டார். வசவு விழும் என்று எதிர்பார்த்தேன். சறுக்கல் தடுப்பை மறந்தது, சீக்கிரமே ஓடுதளத்துக்குப் போனது, இரண்டையும் நானே ஒப்புக்கொண்டேன். கேட்டுக்கொண்டார்.

“மதியம் மறுபடி அவரை ஓட்டவைக்கப் போகிறாயா?” என்றார்.

“ஆமாம். இப்படியே வீட்டுக்குப் போனால் பயம் உறைந்துவிடும்.”

“இருக்கலாம். ஆனால் ஒன்றை யோசித்துவிட்டுப் போ. அவருக்காக ஓட்டவைக்கிறாயா, உன் மனம் லேசாக வேண்டும் என்பதற்காகவா? உனக்காக என்றால் அந்த இருக்கையில் நான் உட்கார்கிறேன்.”

வேலிப் பக்கம் பத்து நிமிடம் நடந்தேன். அந்தப் பத்து நிமிடம்தான் என் இருபத்திரண்டு வருடத்தில் மிகக் கடினமான பணி நேரம். காலையிலிருந்து நான் செய்த ஒவ்வொரு அவசரத்துக்கும் காரணம் அவருடைய பயமல்ல, என் குற்ற உணர்ச்சிதான் என்பது புரிந்தது. பாடத்தை வேகமாக முடித்தால் என் தவறும் வேகமாக முடிந்துவிடும் என்று எண்ணியிருக்கிறேன். அடுத்தவர் உயிருக்குப் பொறுப்பாகப் பக்கத்தில் உட்கார்கிறவர் தன் கணக்கைத் தீர்க்கக் காருக்குள் ஏறக்கூடாது.

திரும்பிப் போய் சுகந்திக்கும் நவத்துக்கும் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். “காலையில அவசரப்பட்டது நான். ஒங்க மேல தப்பில்ல. வீட்டுக்குப் போறதுன்னாலும் சரி, இருந்தாலும் சரி. நீங்க சொல்ற மாதிரி செய்யலாம்,” என்றேன்.

சுகந்தி ஆறிப்போன தேநீரைக் குடித்தார். பிறகு கேட்டார்:

“நீங்கள் மிதி எண்டனீங்கள். எதை மிதிக்கச் சொன்னனீங்கள்?”

“ஆக்சிலரேட்டரை.”

“எனக்கு மிதி எண்டா பிரேக்தான். கார் வழுக்கேக்கை ஒருத்தர் மிதி எண்டு கத்தினா வேறை என்னத்தை மிதிக்கிறது?”

எனக்குச் சிரிப்பும் வெட்கமும் ஒன்றாக வந்தன. காலின் கீழ் இருப்பது மூன்று மிதிகள். நான் பெயர் சொல்லாமல் வினையை மட்டும் கத்தியிருக்கிறேன்.

“எங்கடை வேலையிலை,” என்றார் அவர், “மூச்சை இழுங்கோ, பிடியுங்கோ, விடுங்கோ எண்டு சொல்லுவம். ஆனா படம் எடுக்கேக்கை முதல்தரமாச் சொல்லுறேல்லை. மெஷினைத் தொட முன்னமே ரெண்டு தரம் செய்து பாக்க வைப்பம். நோவோடை கிடக்கிற ஆளுக்குப் புதுச் சொல்லு விளங்காது. தெரிஞ்ச சொல்லுத்தான் கேக்கும்.”

இத்தனை வருடத்தில் எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் நான் படிக்காத விஷயம். அந்தக் காகிதக் கோப்பையின் மேலேயே எழுதத் தொடங்கினோம். ஆக்சிலரேட்டருக்கு ‘போ’. காலை எடுக்க ‘விடு’. பிரேக்குக்கு ‘நில்’.

“போங்க, விடுங்கன்னு சொல்லட்டுமா?” என்று கேட்டேன். முன்பின் பழகாத பெண்ணை ஒருமையில் கூப்பிட எனக்குக் கூச்சம்.

“மரியாதை பாக்காதேங்கோ. நீங்கள் ‘போங்கோ’ எண்டு முடிக்க முதல் நான் வேலிக்கை நிப்பன்.”

நவம் சிரித்தார். அதன் பிறகு அவர் வீட்டுக்குப் போவதைப் பற்றிப் பேசவில்லை.

நின்ற காரிலேயே கால் மணி நேரம் பழகினோம். நான் சொல்லச் சொல்ல அவர் கால் போய்ப் போய் வந்தது. பிறகு ஈரத் தளத்துக்குப் போனோம், ஓடுதளத்துக்கு அல்ல. தலைமைப் பயிற்றுநர் கொட்டகை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மதியம் நான் கற்றதுதான் உங்களுக்கு நான் தரக்கூடிய பதில். முன்சக்கரக் காரில் ‘போ’ என்ற சொல் வளைவின் நடுவில் தேவைப்பட்டது. பயந்து காலை எடுத்துவிடும் அந்த இடத்தில். பின்சக்கரக் காரில் வளைவின் முடிவில்: வெளியே வந்துவிட்டோம் என்ற மகிழ்ச்சியில் அதிகம் அழுத்த, வால் விலகும். அங்கே ‘விடு’, அதுவும் மெதுவாக, ஸ்டீயரிங்கை வால் போகும் பக்கம் திருப்பிக்கொண்டே. சட்டென்று விட்டால் கார் மறுபக்கம் அடிக்கும். நான்கு சக்கரக் காரில் நடுவிலும் முடிவிலும் நான் சொல்ல ஒன்றுமே இருக்கவில்லை. அது அழகாகப் போயிற்று. அங்கே தேவைப்பட்டது ஒரே சொல், அதுவும் வளைவு வருவதற்கு முன்பே, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று தோன்றும் நேரத்தில்: ‘நில்’. மலையிறக்கத்தில் அவருக்கு அந்தச் சொல்லைச் சொல்ல யாரும் இல்லை.

ஆகவே எது நல்லது என்று கேட்டால், கேட்பவர் எந்த இடத்தில் தவறுகிறவர் என்று திருப்பிக் கேளுங்கள். வரிசை நின்றாலும் பரவாயில்லை.

ஏழாவது முயற்சியில், சின்னக் காரின் பின்பக்கம் விலகியபோது நான் வாயைத் திறக்கவில்லை. வேண்டுமென்றேதான். “போ,” என்று அவரே தனக்குள் சொல்லிக்கொண்டார். கால் அழுந்தியது. கார் ஒரு முறை தலையாட்டிவிட்டு நேராகிவிட்டது. இருபது மீட்டர் தள்ளி நிறுத்தி, என் பக்கம் திரும்பினார்.

“இன்னொருக்காச் செய்யட்டே?” என்றார்.

பதினொரு முறை செய்தார்.

நான்கு மணிக்குத் தெற்கிலிருந்து குளிர்காற்று எழுந்தது, சிட்னியில் எழுவது போலவே, சொல்லாமல் கொள்ளாமல். பின்னாலேயே மழை கொட்டியது. எல்லோரும் கொட்டகைக்குள் ஓடினோம். சுகந்தி கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கணவரைப் பார்த்தார். கிட்டத்து ரயில் நிலையத்துக்குப் பேருந்து வர இருபது நிமிடம் இருந்தது.

நவம் வானத்தைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். “சீட்டைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளோணும், முழங்கால் இடிக்குது,” என்று சொல்லிக்கொண்டே போய் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார். ஓடுதள வாயிலருகே உள்ள வளைவுக்கு வெகு முன்னாலேயே அந்தக் காரின் பிரேக் விளக்குகள் எரிந்ததைக் கொட்டகையிலிருந்தே பார்த்தேன். தலைமைப் பயிற்றுநரும் பார்த்தார். எனக்கு ஒரு தேநீர் ஊற்றித் தந்தார்.

அடுத்த மாதம் சுகந்தி திரும்ப வந்தார். அதற்கடுத்த மாதமும். இரண்டு வருடம் கழித்துப் பயிற்றுநர் தேர்வு எழுதினார். மருத்துவமனை வேலையை விடவில்லை. வாரத்தில் இரண்டு நாள் இங்கே. நான் ஓய்வு பெற்றபோது என் மாணவர்களை அவரிடம்தான் ஒப்படைத்தேன். இப்போது புதிதாக வரும் பயிற்றுநர்கள் காரில் ஏறும் முன், அரை மணி நேரம் நின்ற காரில் சொற்களைப் பழக வேண்டும் என்பது இந்தப் பள்ளியின் விதி. அதை எழுதியவர் அவர்.

நாளைக் காலை எட்டு மணிக்கு உங்களை ஒவ்வொருவராக ஈரத் தளத்துக்குக் கூட்டிப்போகப் போகிறவரும் அவர்தான். நன்றாகத் தூங்கிவிட்டு வாருங்கள். மழை பெய்யும் என்கிறார்கள். பெய்யட்டும், தண்ணீர் தெளிக்கும் வேலை மிச்சம்.